அக்கரையில் இருந்த அம்மாவுக்கு

இங்கிலாந்து
20-11-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் குழந்தையும் உன் மாப்பிள்ளையும் இங்கு நலமாக இருக்கிறோம். நீயும் அப்பாவும் அப்பாயியும் தங்கையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குழந்தை பிறந்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. தினமும் தொலைபேசியில் பேசுகிறோம் என்றாலும், நீ "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்பதற்கும் நான் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதற்கும் மேல் நம் பேச்சு போகவில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் நான் அழுதுவிடுவேன் என்று உனக்குத் தெரியும். நான் அழுதால் நீ இரவெல்லாம் தூங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். குழந்தை தூங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியதால் இதை முடிக்க மூன்று நாள் ஆனது.

சின்ன வயதில் திருச்சி மலைக்கோட்டைக்கு என்னை அழைத்துப் போனபோது தாயுமானவர் கதையைச் சொன்னாய் அல்லவா? பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த மகளிடம் போக முடியாமல், காவிரியில் வெள்ளம் வந்ததால் தாய் அக்கரையில் நின்றுவிட, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்று சொன்னாய். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளுக்குத் துணை கிடைத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அத்தனை நாளும் அக்கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தாய்க்கு மகளின் வலி எப்போது தொடங்கியது, யார் கை பிடித்தார்கள், பிள்ளை எப்படி வந்தது என்பதையெல்லாம் யார் உட்கார்ந்து சொன்னார்கள் என்று கதையில் இல்லை. இந்த ஆண்டு மேட்டூர் அணையை ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள் என்பதால் நடவு தள்ளிப்போனதும், அப்பாயி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் சேர்ந்து உன்னை அங்கேயே நிறுத்திவிட்டன. நீ வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. உன்மேல் குறை ஒன்றும் இல்லை. நடந்ததை மணிக்கணக்கு பிசகாமல் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு முதல் வலி வந்தது. தெருவில் இன்னும் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பின் பின்பக்கம் தொடங்கி, முன்பக்கம் சுற்றி வந்து இறுக்கி, பின் மெல்ல விட்டது. நீ சொல்லியிருந்தபடி உன் மாப்பிள்ளை சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பாயே, அது கூடியது. இங்கே வலி வந்தவுடன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. முதலில் பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவர்கள் பேசும்போதே நம் மூச்சைக் கவனித்து, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டு, வெந்நீரில் குளிக்கச் சொல்லி, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு என்னால் பொறுக்க முடியாமல் நேரிலேயே போனோம். பரிசோதித்துவிட்டு கருப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது, நான்கு ஆகும்வரை வீட்டில் இருப்பதே நல்லது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று சொல்லி உடனே படுக்கை கொடுத்துவிடுவார்களே என்று நினைத்து, அந்தக் குளிரில் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். வீட்டில் நடந்து திரிவது பிரசவத்துக்கு நல்லதுதான் என்று இப்போது புரிகிறது. ஆனால் முதல் பிள்ளைக்காரியை அந்த நேரத்தில் திருப்பி அனுப்பும்போது இன்னும் நான்கு வார்த்தை கூடுதலாகப் பேசி அனுப்பியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மறுபடி போனபோது சேர்த்துக்கொண்டார்கள். எனக்கென்று தனி அறை. உன் மாப்பிள்ளை கடைசிவரை என் பக்கத்திலேயே இருந்தார். நான் இந்த ஊரில் வியந்தது ஒன்று உண்டு. எல்லாம் ஒழுங்காகப் போனால் இங்கே பிரசவத்துக்கு டாக்டர் வருவதில்லை, மருத்துவச்சிதான் பார்க்கிறார். மருத்துவச்சி என்றவுடன் அப்பாயிக்குப் பேறு பார்த்த கிழவியை நினைத்துக்கொள்ளாதே. இவர்கள் இதற்கென்றே மூன்று ஆண்டு பட்டப்படிப்பு படித்தவர்கள். அப்பாயி வீட்டுத் திண்ணை அறையில் மருத்துவச்சி கையில் பெற்றாள், நீ மருத்துவமனையில் டாக்டர் கையில் பெற்றாய், நான் மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சி கையில் பெற்றிருக்கிறேன்.

இரவு ஏழரை மணிக்கு முறை மாறி வந்தவர் உன் வயதுக்காரர். வந்தவுடன் தன் பெயரைச் சொல்லி, என் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நீ திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வாங்கி அனுப்பிய விளக்கெண்ணெயை உன் மாப்பிள்ளை என் வயிற்றில் தடவிக்கொண்டிருந்தார். அது என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெட்டாற்றங்கரையில் கருவைக் காக்கும் அம்மன் ஒருத்தி இருக்கிறாள், சுகப்பிரசவத்துக்காக அங்கே கொடுக்கும் எண்ணெய் இது என்று சொன்னோம். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் பட்டை எண்ணெயில் வழுக்கியதால், "வயிற்றில் மட்டும் துடைத்துவிடட்டுமா?" என்று கேட்டுத் துடைத்தார். துடைத்துவிட்டு, அடுத்த வலி வந்தபோது அதே குப்பியிலிருந்து எண்ணெயை எடுத்துத் தன் உள்ளங்கையில் தேய்த்து, என் கீழ்முதுகில் வைத்து அழுத்தினார். இரவெல்லாம் அப்படி அழுத்திக்கொண்டே இருந்தார், அம்மா. உன் கை அல்ல என்று என் முதுகுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கையை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

வலிக்கு ஒரு வாயு கொடுத்தார்கள். பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு; குழாயை நாமே பிடித்து, வலி தொடங்கும்போது இழுத்து மூச்சுவிட வேண்டும். வலி போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றது, தலை மிதந்தது. பத்து மணிக்கு ஆறு சென்டிமீட்டர். நள்ளிரவிலும் அதே ஆறு. என்னிடம் கேட்டுப் பனிக்குடத்தை உடைத்தார்கள். அதன்பிறகு வந்த வலிகளைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. நீ மூன்று முறை இதைப் பட்டிருக்கிறாய், உனக்குத் தெரியும். இரண்டு மணிக்கும் முன்னேற்றம் இல்லாததால், வலியைக் கூட்ட ஆக்சிடோசின் சொட்டுமருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்போதுதான் முதுகுத்தண்டுப் பக்கம் போடும் எபிடியூரல் ஊசி வேண்டும் என்று நானே கேட்டேன். ஊசி வேண்டாம், பிறகு ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்ததை ஊசி போட வந்த மயக்க மருந்து மருத்துவரிடம் சொன்னேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், நீண்ட நாள் முதுகுவலிக்கு அது காரணம் ஆவதில்லை என்று பொறுமையாக விளக்கி, தலைவலி வரலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம் என்று உண்மையில் வரக்கூடியவற்றையும் சொல்லி, இரண்டு வலிகளுக்கு நடுவே என் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டார். அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு யாரும் இப்படி விளக்கிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஊசி போட்டு அரைமணி நேரத்தில் கால்கள் கனத்தன, வலி மங்கியது, நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முழுவதும் திறந்துவிட்டது என்று சொன்னார்கள். ஏழரைக்கு இரவெல்லாம் இருந்த அந்த அம்மாளின் முறை முடிந்தது. என் நெற்றியைத் துடைத்து, தான் போக வேண்டும் என்று சொல்லி, புதிதாக வந்த பெண்ணிடம் என் கையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரசவம் முழுவதிலும் அந்த நேரத்தில்தான் நான் உன்னை வாய்விட்டுக் கூப்பிட்டேன். "அம்மா" என்று நான் கத்தியது வலியால் என்று அவர்கள் நினைத்தார்கள்.

குழந்தை தானாகக் கீழே இறங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து, எட்டு மணிக்கு முக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் முக்கினேன். கடைசியில் குழந்தையின் துடிப்பு குறைந்து குறைந்து ஏற, ஒரு டாக்டர் வந்து வாசல் பக்கம் நின்றார். உறிஞ்சு கருவி வைத்து எடுக்க நேரலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பயத்தில் எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. அடுத்த இரண்டு வலியில் தலை வந்து, ஒன்பது நாற்பதுக்கு உன் பேத்தி பிறந்தாள். நம் ஊரில் அப்போது மணி மாலை மூன்று பத்து. ஜாதகம் எழுதுகிறவரிடம் இங்கத்து நேரத்தையும் ஊரையும் சேர்த்தே கொடு.

துடைக்காமல் கொள்ளாமல் அப்படியே என் நெஞ்சின்மேல் போட்டார்கள். தொப்புள்கொடியில் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து பிறகுதான் வெட்டினார்கள். அந்த இரத்தமும் குழந்தைக்குச் சேர வேண்டியது, அதனால் இரும்புச்சத்து கூடும் என்றார்கள். அவள் நெளிந்து நெளிந்து மேலேறி ஒரு மணி நேரத்துக்குள் தானே பால் குடித்தாள். சேனை வைக்க வேண்டும் என்று என் மாமியார் தொலைபேசியில் சொல்லியிருந்தும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கவில்லை. சீம்பாலைத் தவிர வேறெதுவும் முதலில் போகக்கூடாது என்றுதான் நம் ஊர் டாக்டர்களும் சொல்கிறார்கள். எனக்குத் தையல் போட்டார்கள். பிறகு டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொடுத்தார்கள். இரவெல்லாம் பட்டினி கிடந்த வயிறு அதை ஏற்றுக்கொண்டது. நாக்கு மட்டும் உன் மிளகு ரசத்தைத் தேடியது.

மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் கிராம சுகாதார செவிலியர் வருவதுபோல இங்கும் மருத்துவச்சி வீடு தேடி வந்தார். ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார். எடை, தடுப்பூசி எல்லாம் எழுதுவதற்குச் சிவப்புப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிடும்போது வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. தலைச்சன் பிள்ளைக்குத் தாய் வீட்டில் மூன்று மாதம் வைத்து, வெந்நீர் ஊற்றி, லேகியம் கொடுத்து, பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகப் பார்த்துப் பார்த்துப் போடும் நம் வழக்கத்துக்கு ஈடாக இந்த நாட்டில் எதுவும் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு தேற நாளாகும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதியது ஒரு காரணத்துக்காகவும்தான். தங்கைக்குப் பிரசவத்துக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். இங்கே நான் முப்பது மணி நேரத்துக்கும் மேல் வலியில் கிடந்து, கத்தினேன், அழுதேன், ஒருமுறை உன் மாப்பிள்ளையைத் திட்டவும் செய்தேன். ஒருவர்கூட என்னை அதட்டவில்லை. உள்பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் "இப்போது பார்க்கலாமா, வலி போனபிறகு பார்க்கட்டுமா?" என்று கேட்டார்கள். முதல்முறை கேட்டபோது என்ன பதில் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. என் உடம்பைத் தொடுவதற்கு என்னைக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. தம்பியைப் பெற்றபோது வலியில் கத்தியதற்காக உன்னை என்ன சொன்னார்கள் என்று நீ ஒருமுறை எனக்குச் சொன்னாய். எந்த மருத்துவமனை என்று உன்னிடம் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாய். அது சாதாரணம், எல்லோருக்கும் நடப்பதுதான் என்று அப்போது நானும் நினைத்தேன். சாதாரணமில்லை, அம்மா. உனக்கு அது நடந்திருக்கக் கூடாது.

தங்கைக்கு அது நடக்க விடாதே. நம் அரசு மருத்துவமனைகளிலும் பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டு. அடுத்த முறை அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போதே, கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய அட்டையைக் காட்டும் இடத்தில், "பிரசவத்தின்போது நான் உள்ளே இருப்பேன்" என்று கேட்டுச் சொல்லிவிடு. கூச்சப்படாதே. வெளித் திண்ணையில் பையை வைத்துக்கொண்டு உட்காராதே. அவள் கத்தினால் கத்தட்டும். நீ முதுகைப் பிடித்துவிடு. கீழ்முதுகில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டும். நான் இங்கிருந்து செய்ய முடியாததை நீ அவளுக்குச் செய்.

குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் அவள் பிறந்த தேதியும் இருக்கின்றன. சாமி மாடத்தில் வை. அப்பாயிக்கு நடக்க முடிகிறதா என்று எழுது. திருக்கருகாவூருக்குப் போகும்போது தங்கைக்குப் புதிதாக எண்ணெய் வாங்கிக்கொள். என்னிடம் இருந்தது அந்த இரவிலேயே தீர்ந்துவிட்டது.

உனக்கு நேரம் கிடைக்கும்போது, நான் பிறந்த அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுது. யார் உன் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் எழுது.

உன் அன்பு மகள்