சரி, சரி என்று சொன்னதற்காக

மயிலாப்பூர், சென்னை.

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிறு மாலை நீ அழைத்தபோது நடந்ததை நான்கு நாள்களாக மனத்துக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "அவருக்கு வேலை கிடைக்கலப்பா" என்று நீ சொன்னது என் காதில் "கிடைச்சுதுப்பா" என்று விழுந்தது. "ரொம்ப சந்தோஷம்மா, கபாலீசுவரருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுகிறேன்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாய். மறுநாள் நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியைப் படித்த பிறகுதான், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

பழியைக் காதின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாகவே பிறர் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. "இன்னொரு முறை சொல்லம்மா" என்று கேட்டால் வயதாகிவிட்டது தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டு, காதில் விழாததற்கெல்லாம் "சரி, சரி" என்று சொல்லிவந்தேன். நீ எத்தனை முறை எதையெதையோ சொல்லியிருப்பாய், நான் எதற்கெல்லாம் தலையாட்டியிருப்பேன் என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

நேற்று காது பரிசோதனைக்குப் போனேன். சிறிய அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கு விரல் தானாக அழுத்தியது. பிறகு வெகுநேரம் அமைதியாக இருந்ததாகவே நினைத்தேன், ஆனால் அந்த நேரம் முழுவதும் கீச்சொலிகள் வந்துகொண்டிருந்தனவாம். உள்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் வயதாக ஆக அழிகின்றன, அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை, உச்ச ஒலிகளே முதலில் போகின்றன என்று மருத்துவர் விளக்கினார். அதனால் உயிரெழுத்துகளின் ஓசை எனக்குக் கேட்கிறது. க, ச, த போன்ற மெய்களின் ஓசை நழுவிவிடுகிறது. இலக்கணம் வல்லினம் என்று சொல்லும் எழுத்துகளே என் காதில் முதலில் மெலிந்துபோயிருக்கின்றன. உரக்கக் கத்தினால் ஓசைதான் பெருகுமே தவிர சொல் தெளியாது. முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசினால் பெரும்பகுதி விளங்கும். காது மெஷின் அடுத்த வாரம் வந்துவிடும், மறுக்காமல் போட்டுக்கொள்வேன்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். நாம் பேசும் மாலை ஏழரை மணி உனக்கு டொரோண்டோவில் காலை பத்து மணி. இங்கேயோ டிவி ஓடும், குக்கர் விசில் அடிக்கும். இனி ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வீடியோவில் அழை. உனக்கு அது சனி இரவு ஒன்பது. நவம்பரில் உங்கள் ஊர்க் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு எட்டு. உன் உதட்டசைவு எனக்குத் தெரியும்படி விளக்கு உன் முகத்தில் விழட்டும். நீ முக்கியமான ஒன்றைச் சொன்னால், நான் விளங்கிக்கொண்டதை உன்னிடமே திருப்பிச் சொல்கிறேன். தவறாக இருந்தால் அங்கேயே திருத்து, மனம் நொந்து போனை வைத்துவிடாதே.

மாப்பிள்ளையின் வேலை பற்றி நீ அன்று சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல்லம்மா. இடையில் அறிவுரை எதுவும் சொல்லாமல் முழுவதையும் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா