படத்தில் நீயும் இரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏரிப் படங்கள் வந்தன. கரையில் கட்டிக்கிடந்த படகின் கயிற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முறுக்கிலிருந்து பிரிந்து நின்ற நார்கூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. வெளிச்சத்தை அளந்து எடுக்கிற பக்குவம் எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கைவந்தது. உனக்கு இப்போதே வந்துவிட்டது. அம்மாவும் பார்த்தாள். கடைசிப் படம் வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதிலும் அவள் இல்லையே" என்றாள்.

அதற்குத்தான் நீ போனில் பதில் சொல்லிவிட்டாயே, "எடுக்க ஆள் இல்லைப்பா" என்று. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை. படம் எடுக்க இன்னொரு ஆள் வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மெசேஜில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய்.

உன் கேனான் கேமராவில் டிரைவ் மோடு இருக்கிறது அல்லவா, அதில் கடிகாரம் போல ஒரு குறி இருக்கும். ஷட்டரை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே படம் எடுக்கிற டைமர் அது. 10 நொடி, 2 நொடி என்று இரண்டு உண்டு. 10 நொடி நீ ஓடிவந்து நிற்பதற்கு. ஷட்டரை அழுத்தியதும் முன்பக்க விளக்கு மினுக்கும், பீப் சத்தம் வரும். கடைசி 2 நொடியில் சத்தம் வேகமாகும். அது கேட்கிற வரைக்கும் அவசரப்படாமல் மூச்சு விடு. 2 நொடி டைமர் வேறு வேலைக்கு. இரவில் ட்ரைபாடில் வைத்து எடுக்கும்போது விரல் பட்ட அதிர்வு அடங்க அது போதும்.

ஃபோகஸ்தான் முக்கியம். கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டு ஷட்டரை அழுத்தாதே. அந்த நேரத்தில் லென்ஸுக்கு எது தெரிகிறதோ அதில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நீ தள்ளிப்போய் நின்றால் மங்கலாகத்தான் விழுவாய். நீ நிற்கப்போகிற இடத்தில் உன் பையை வை. பின்னால் வந்து பைக்கு ஃபோகஸ் செய். பிறகு லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளிவிடு. இனி அது அசையாது. பையை எடுத்துவிட்டு அதே இடத்தில் நில். லென்ஸ் துளையின் அளவை எஃப் 8இல் வைத்துக்கொண்டால் அரையடி முன்பின் ஆனாலும் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. உன்னுடையது உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். நீ வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்ததும் அந்த ஓட்டை வழியாகப் பின்னாலிருந்து வெளிச்சம் உள்ளே போகும். கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். கழுத்துப் பட்டையில் சின்ன ரப்பர் மூடி ஒன்று கோத்திருக்கும், அது இதற்குத்தான். அதைக் கழற்றிப் போட்டுவிடாதே.

ஓடுவது அலுப்பாக இருந்தால் ரிமோட் வாங்கிக்கொள். வயர் ரிமோட்டின் வயர் இரண்டடிதான், இரவுப் படத்துக்குச் சரி, உன்னைப் படத்துக்குள் கொண்டுவர உதவாது. கேனானின் ஆர்சி-6 இன்ஃப்ராரெட் ரிமோட் உள்ளங்கையில் அடங்கும், சுமார் 5 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும். அதன் சிக்னலை வாங்குகிற கண் கேமராவின் முன்பக்கப் பிடியில் இருக்கிறது, அதனால் முன்னாலிருந்து காட்டி அழுத்த வேண்டும். 2 நொடி தாமதம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் கையைக் கீழே இறக்க நேரம் கிடைக்கும். நினைத்த முகபாவம் வருகிற வரைக்கும் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப அழுத்தலாம். பார்க்க யாரும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, கூச்சமே இருக்காது.

1839இல், புகைப்படம் எடுக்கிற முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட அந்த வருஷமே, ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். கலைந்த தலை, கட்டிய கை, ஒரு பக்கம் தள்ளிய முகம். அவருக்கு டைமரும் இல்லை, ரிமோட்டும் இல்லை. ஆள் இல்லை என்று அவர் விட்டுவிடவில்லை. உன்னிடம் எல்லாம் இருக்கிறது.

முதல் சம்பளத்தில் கேமரா வாங்கியவள் நீ. என்னைக்கூடக் கேட்காமல் நீயே படித்து, நீயே தேர்ந்தெடுத்தாய். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான். அப்படிப்பட்டவள் இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிட்டாயே என்பதுதான் வருத்தம். போன தடவை வந்த படம் ஒன்றில் மணலில் உன் நிழல் விழுந்திருந்தது. நீளமான சாயங்கால நிழல். அதை வைத்துக்கொண்டு நீ இளைத்திருக்கிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கிறாள். நிழலைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? முன்பெல்லாம் நீ அனுப்பும் படங்களில் பாதியிலாவது நீ இருப்பாய். அப்போது யார் எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். நீயாகச் சொல்லும்போது சொல்.

சித்தப்பா வீட்டு விசேஷம் பற்றி அம்மா போனில் சொல்லியிருப்பாள், அதனால் அதை எழுதவில்லை. ட்ரைபாடின் நடுக்கம்பத்தை முழுக்க மேலே ஏற்றாதே, ஆடும். காற்று அடித்தால் பையை அதன் நடுவில் தொங்கவிடு. ஃபோகஸை முதலில் பூட்டு, மறுபடியும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்கிறேன். கேமராவையும் ட்ரைபாடையும் எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொள். டிரைவ் மோடை எங்கே மாற்றுவது என்று நான் சொல்லச் சொல்ல நீ செய். அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஒரு மணி நேரமாவது ஆகும்.

அன்புடன்,
அப்பா