நாற்பத்து மூன்றாம் கேள்வியின் விடையைத் திருத்துங்கள்

உலக வரலாற்று வினா-விடை நூலின் தொகுப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உங்களை வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் இல்லை. ஆகவே இம்முறை ஊரறிய எழுதுகிறேன்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரக் கைவினைஞர் கலகத்துக்குக் காரணம் என்ன என்பது உங்கள் 43-ஆம் கேள்வி. 'கைவினைஞர்களின் பேராசை' என்பது உங்கள் விடை. சென்ற வாரம் எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி 'போர் வரி' என்று எழுதினாள். உங்கள் விடைப்பட்டியலைப் பார்த்துத் திருத்தியவர் சுழியம் போட்டுவிட்டார். அவள் என்னிடம் வந்து, "பணம் கேட்டவருக்குப் பேராசையா, கொடுக்க மறுத்தவருக்கா, சார்?" என்றாள்.

என்ன சொல்வது? 1537-இல் பிரான்சுடன் நடந்த போருக்காக, கெண்ட்டையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை, நெதர்லாந்து ஆளுநர் மேரி, கெண்ட் அடங்கிய பிளாண்டர்ஸ் பகுதியிடம் 4 லட்சம் கில்டர் (அக்கால நாணயம்) கேட்டார். பணம் தரமாட்டோம், வேண்டுமானால் ஆட்களை அனுப்புகிறோம் என்றது கெண்ட். 1539-இல் கில்டுகள், அதாவது கைவினைஞர் சங்கங்கள், நகரைக் கைப்பற்றின. தங்கள் உரிமைகளைக் குறுக்கிய 1515-ஆம் ஆண்டு ஆவணத்தைக் கிழித்தெறிந்தன. நகர நிர்வாகத்தில் இருந்த முதியவர் லீவன் பெய்னைச் சித்திரவதை செய்து தலையை வெட்டியதும் அவர்கள்தான். அதை நான் மறைக்கவில்லை, அந்த மாணவியிடமும் மறைக்கவில்லை. ஆனால் கொடுமைக்குப் பேராசை என்று பெயரில்லை.

பிறகு சார்லஸ் படையோடு வந்தார். அவர் பிறந்த ஊரே கெண்ட்தான். 1540 மே 3 அன்று நகரப் பெரியவர்கள் கறுப்பு அங்கியில், வெறுங்காலோடு நடந்தார்கள். கலகக்காரர்களில் ஐம்பது பேர் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். அவர்கள் கழுத்தில் தூக்குக்கயிறு. அரண்மனையில் பேரரசர் முன்னும் அவர் தங்கை முன்னும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கு முன்பே சிலரின் தலைகள் வெட்டப்பட்டிருந்தன. தூக்கில் போடாமல் கயிற்றை மட்டும் மாட்டி நடக்கவிட்டது ஏன் என்று என் வகுப்பில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. உங்கள் நூலில் அதற்கு அரை வரி கூட இல்லை. நகரத்தின் உரிமைகள் பறிக்கப்பட்டன, கில்டுகள் அரசியல் அதிகாரத்தை இழந்தன, புனித பாவோ மடத்தை இடித்து அங்கே கோட்டை எழுப்பினார்கள்.

அந்த அவமானத்தைக் கெண்ட் மக்கள் இன்றும் பட்டப்பெயராகச் சுமக்கிறார்கள், 'கயிறு சுமப்பவர்கள்' என்று. கழுத்தில் கயிற்றோடு ஊர்வலமும் போகிறார்கள். பேராசைக்காரர்களின் பேரன்கள் பெருமைப்படுகிறார்கள் போலும்!

வென்றவரின் வழக்கறிஞராக இருப்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அட்டையிலேயே அச்சிட்டுவிடலாமே. எங்களுக்கும் அஞ்சல் செலவு மிச்சம். 'புரட்சி' என்று ஓர் இடத்திலும் 'கலவரம்' என்று அடுத்த பக்கத்திலும் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பது தனிக் கதை. மன்னியுங்கள், கடுமையாக எழுதிவிட்டேன்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் 43-ஆம் விடையைத் திருத்துங்கள். 'போர் வரிக்கு எதிர்ப்பு. பறிக்கப்பட்ட உரிமைகளைத் திரும்பக் கோரியது' என்று எழுதினால் போதும், ஒரு வரிதான் ஆகும்.

அந்த மாணவியின் சுழியத்தை அடித்துவிட்டு நானே ஒரு மதிப்பெண் போட்டுவிட்டேன். உங்கள் நூலை வைத்துத் திருத்தப்படும் மற்ற விடைத்தாள்கள் என் கையில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்