ஆடாத ஆட்டத்துக்கு 50-50 வேண்டாம்

கணிப்புச் சந்தைகளை நடத்துவோருக்கும் அவற்றின் விதிகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

ஒரு நிகழ்வின் முடிவைக் கணித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் உங்கள் சந்தைகளில், இருவர் மோதும் ஆட்டத்தில் விலை உருவாகும் விதத்தில் எங்களுக்குக் குறையில்லை. ‘அ வெல்வார்’ என்ற ஒப்பந்தம் பலித்தால் 100, பொய்த்தால் 0. ஒருவர் ‘ஆம்’ பக்கத்துக்கு 62 தர முன்வந்து, இன்னொருவர் ‘இல்லை’ பக்கத்துக்கு 38 தந்தால் கூட்டுத்தொகை 100. ஒரு ஜோடி ஒப்பந்தம் பிறக்கிறது. ஆட்டமே நடக்காமல் போனால் அந்த 100ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

டென்னிஸில் ஒருவர் ஆட்டத்துக்கு முன்பே விலகினால் இரு பக்கமும் 50 என்று உங்களில் சிலர் தீர்க்கிறீர்கள். இருவரும் சமபலம் என்றால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் ஒருவரின் விலை 90, மற்றவரின் விலை 10 என்று இருக்கட்டும். பலசாலிக்குக் காயம், ஆட மாட்டார் என்பது அறிவிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே அவருடைய குழுவில் ஒருவருக்குத் தெரியும். அவர் எதிராளியின் ஒப்பந்தத்தை 10க்கு வாங்கினால் 50 கிடைக்கும். 1,000 ஒப்பந்தத்துக்கு 10,000 போட்டு 50,000 எடுக்கிறார். 90 கொடுத்தவர் 40 இழக்கிறார். ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை, அவர் கணிப்பும் தப்பவில்லை. ரகசியம் அறிந்தவருக்கு உங்கள் விதியே பரிசு கொடுக்கிறது.

ஆட்டம் தொடங்காவிட்டால் எல்லா வர்த்தகத்தையும் ரத்து செய்து, அவரவர் போட்ட பணத்தைத் திருப்பித் தாருங்கள். அப்போது முன்கூட்டி அறிந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 40க்கு வாங்கி 70க்கு விற்று வெளியேறியவரின் 30 லாபமும் ரத்தாக வேண்டும். அதை அவர் எடுத்துப் போயிருந்தால் யார் ஈடுகட்டுவது? எனவே முதல் சர்வீஸ் வரை அந்த லாபத்தை நிறுத்திவையுங்கள். வெளியே எடுக்கவும் கூடாது, வேறு ஆட்டத்தில் போடவும் கூடாது.

பாதியில் விலகுவது வேறு. ஒப்பந்தம் செல்ல ஒரு செட் முடிந்திருக்க வேண்டும் என்பது சிலரின் விதி. ஒரு புள்ளி ஆடினாலே போதும் என்பது வேறு சிலருடையது. அடுத்த சுற்றுக்குப் போகிறவரே வென்றவர் என்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அதில் வாதத்துக்கு இடமில்லை.

‘வெல்வார்’ என்ற சொல்லையும் வரையறுங்கள். 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டம் சமன், சூப்பர் ஓவரும் சமன். 26-17 என்ற பவுண்டரிக் கணக்கில்தான் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. ஒப்பந்தம் பார்ப்பது ஸ்கோரையா, கோப்பையையா? கால்பந்து லீக் ஆட்டத்தில் டிரா வந்தால் ‘அ வெல்வார்’, ‘ஆ வெல்வார்’ இரண்டுமே 0. டிராவுக்கு மூன்றாவது ஒப்பந்தம் தேவை. 2017 ஜூலையில் ஜோன்ஸ்–கார்மியர் யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டையில் ஜோன்ஸ் வென்றார். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் அந்த முடிவே செல்லாததாக்கப்பட்டது. அன்றைய அறிவிப்பே இறுதியா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாம் ஆர்டர் போடும் திரையிலேயே, ‘வாங்கு’ பொத்தானுக்கு மேலே இருக்க வேண்டும். விதியை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் சந்தைக்குப் பழைய விதியே நீடிக்கட்டும்; புதியது அடுத்துத் திறக்கும் ஆட்டத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
இந்தச் சந்தைகளில் ஆர்டர் போடுவோர்