மேசை செய்யவிடாமல் மறித்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள திருகோணமலை உறவுகளுக்கு,

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒருவழியாக முடிந்துவிட்டது. 6 அடி நீளம், 3 அடி அகலம், 30 அங்குல உயரம். ஆறு பேர் முழங்கை இடிபடாமல் இருந்து சாப்பிடலாம். படத்தைப் பார்த்துக் கெட்டிக்காரி என்று சொன்ன எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இந்த மடல் உங்களுக்கு அல்ல. "அப்படிச் செய்யாதே பிள்ளை" என்று குறுக்கே வந்து மறித்தவர்களுக்கு.

கிண்ணியாவில் மரக்காலை, அதாவது மரம் விற்கும் கடை, வைத்திருக்கும் நானாவிடம் நான் கேட்டது புதிதாக அறுத்த தேக்குப் பலகை. காசை நீட்டியும் தரவில்லை. "இது பச்சை, தங்கச்சி. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷமாவது காயவேணும். இப்ப மேசை அடிச்சா முறுக்கிக்கொண்டு நிக்கும்" என்றார். விற்க இருப்பவரே விற்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? பின்பக்கம் கூட்டிப்போய், பழைய வீடு இடித்தபோது வந்த தேக்கைக் காட்டினார். கறுத்து, சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. பழுதான ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பலகை மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். 'டக்' என்று ஒட்டிய இடத்தில் சோக்கால் ஒரு வட்டம். தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணி அங்கே இருக்கிறது. அது தெரியாமல் இழைத்திருந்தால் சீவுளி அலகின் வாய் போயிருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்திராவிட்டால் அந்தப் பலகைகளைப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அது என்ன பாடு என்று எங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

திருக்கடலூர் ஓடாவி (தச்சர்) ஐயாவுக்குத்தான் கூடுதல் கடன். மரத் தோணி கட்டின கை அது. ஃபைபர் படகு வந்தபிறகு வேலை குறைந்துவிட்டது என்பார், வருத்தம் காட்டாமல். பலகைகளின் வெட்டுமுகத்தில் வளையங்களைப் பார்த்து, ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று அடுக்கவைத்தார். மேசைக் காலையும் சட்டத்தையும் ஆணியால் இணைக்க விடவில்லை. மரத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கழுந்து (முனையில் விடும் மெலிந்த நாக்கு) வெட்டி, துளைக்குள் இறக்க வேண்டும். கையால் அழுத்தினால் போகவேண்டும், ஆனால் கவிழ்த்தால் விழக்கூடாது. அதுதான் அவருடைய அளவுகோல்.

மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகப்போன நேரம் என் கையிலிருந்த ட்ரில்லையே வாங்கி வைத்துவிட்டார். மரம் நீளவாக்கில் அசையாதாம், அகலவாக்கில்தான் அசையுமாம். நான் மேற்பலகைகளைப் பசை போட்டு ஒட்டியது கச்சான் காற்று அடிக்கிற காய்ந்த காலம். மாரி பிறந்தால் அதே பலகை ஈரம் குடித்துச் சில மில்லிமீற்றராவது அகலும். இறுக்கிப் பிடித்தால் எங்காவது வெடிக்கும். அதனால் சட்டத்தின் உட்புறம் ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டி, நாக்கு வைத்த சின்ன மரக்கட்டைகளை அதற்குள் சொருகி, கட்டையை மட்டும் மேற்பலகையோடு திருகவைத்தார். மேற்பலகை கீழே பிடிபட்டும் இருக்கும், பக்கவாட்டில் நகரவும் இடமிருக்கும். இவ்வளவுக்கும் அவர் வாங்கிய கூலி, ஒரு தேத்தண்ணி.

மத்திய வீதி ஹாட்வெயார் கடையில் நிற்கும் பிள்ளை, நான் எடுத்த சாதாரணத் திருகாணிகளைத் திருப்பி வைத்துவிட்டுத் துருப்பிடிக்காததைத் தந்தாள். கடற்காற்றுக்கு அது வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பிடிப்பு இருப்பதால் பசை பூசுமுன் தின்னரால் துடைக்கச் சொன்னவளும் அவளே.

இரவுக் கடமை முடிந்து வரும் பக்கத்து வீட்டுத் தாதி அக்கா, பகல் பன்னிரண்டுக்கு முன் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்று நேராகவே சொன்னார். சரி, காலையில் அளப்பதும் இழைப்பதும் என்றானது. வேலை அதனால் சுத்தமாக வந்தது, உண்மையில்.

அத்தானுக்கும் ஒரு சொல். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிப் போடவிடாமல் கொடியில் விரித்துப் போட்டது அவர்தான். சுருட்டிக் கிடந்தால் அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும்.

கிளாம்ப் இரவல் தந்த அலுமினியப் பட்டறைத் தம்பி, எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குத் துண்டுகளும் கொஞ்சம் மிச்சம் கிடக்கின்றன. முக்காலி செய்ய ஆசைப்படுகிறவர்கள் வந்து கேட்கலாம். ஆணி எடுத்தாயிற்று.

நன்றியுடன்,
உவர்மலையிலிருந்து உங்கள் பிள்ளை