பிள்ளைகளின் ஆர்வத்தை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆர்வச் சோதனைகளும் தொழில் வழிகாட்டல் கையேடுகளும் தயாரிக்கும் உளவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். உயர்கல்வி வழிகாட்டலும் என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். நிறையப் பேர், தங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகப் போகிறவர்கள். உங்களைப் போன்றவர்கள் எழுதும் வினாத்தாள்களை அவர்களிடம் கொடுத்து, நிரப்ப வைத்து, முடிவை வாசித்துச் சொல்கிறவள் நான். உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். அந்த வினாத்தாள்கள் பிள்ளையைத் தனி ஆளாக மட்டும் பார்க்கின்றன. குடும்பத்தோடும் சூழலோடும் சேர்த்து அவர்களைப் பார்க்கும்படி அவற்றை மாற்றி எழுதுங்கள்.

2022 மார்ச் 1 அன்று, மாணவர்களுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. அதன் பிறகு அரசுப் பள்ளிகளில் 'அடுத்து என்ன படிக்கப் போகிறாய்' என்ற பேச்சு வழக்கமான பேச்சாகிவிட்டது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது எங்கள் பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்தி வைக்கிறது. இவ்வளவும் நடக்கும் காலத்தில், எந்தப் படிப்பு என்று சொல்லித்தரும் கருவி மட்டும் வேறு ஊர்ப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கக்கூடாது.

வேறு ஊர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தன்னைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் படத்தை வேலை உலகில் செயல்படுத்திப் பார்ப்பதுதான் தொழில் தேர்வு என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர் 1953-இல் எழுதினார். இன்றைக்கும் வழிகாட்டல் பாடத்தின் அடித்தளம் அதுதான். ஆனால் அவருடைய புகழ்பெற்ற நீண்டகால ஆய்வு நியூயார்க் மாநிலத்து மிடில்டவுன் என்ற ஊரின் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பின்தொடர்ந்தது. பெண் பிள்ளைகள் அதில் இல்லை. ஜான் ஹாலண்ட் 1959-இல் தொடங்கி விரித்தெழுதிய ஆறு ஆர்வ வகைகளை (செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை) நம் வினாத்தாள்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகின்றன. அதுவும் அமெரிக்காவில் பிறந்ததுதான். இருவரும் பெரிய அறிஞர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் இடம்பெறும் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் எடுத்துக்காட்டினார். இது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். தெரிந்தும் அந்தக் கேள்விகளை அப்படியே தமிழாக்கித் தருகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

'இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பிடிக்கும்' என்று ஒரு வரி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். லேத் பட்டறையில் அப்பா வேலை பார்க்கும் பையன் 'இல்லை' என்று குறிக்கிறான். விடுமுறை நாளெல்லாம் அவன் இருப்பது அந்தப் பட்டறையில்தான். கை வேலையில் கெட்டிக்காரன். ஆனால் அப்பாவின் கையைத் தினமும் பார்க்கிறவன். 'நீயும் இதுக்கு வந்துடாதே' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். அவன் குறித்தது ஆர்வக் குறைவை இல்லை, ஒரு தீர்மானத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையும் அதே கேள்விக்கு 'இல்லை' என்கிறாள். அவளை யாரும் ஒரு ஸ்குரூ டிரைவரைத் தொட விட்டதில்லை. இருவருக்கும் ஒரே மதிப்பெண் விழுகிறது. 'இசைக்கருவி வாசிப்பேன்', 'ஓவியக் கண்காட்சிக்குப் போவேன்' என்ற வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்பே கிடைக்காத ஒன்றில் ஆர்வம் இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

குடும்பத்தின் பக்கம் வருகிறேன். 1991-இல் ஹேசல் மார்கஸ், ஷினோபு கிடாயாமா இருவரும் எழுதிய கட்டுரையை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சில சமூகங்களில் 'நான்' என்பது மற்றவரிடமிருந்து தனித்து நிற்பது, வேறு சில சமூகங்களில் 'நான்' என்பதற்குள்ளேயே அம்மாவும் தம்பியும் ஊரும் இருப்பார்கள் என்பது அதன் சாரம். இதைத் தொடர்ந்து ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குச் சொற்புதிர்கள் கொடுத்தார்கள். ஒரு குழு தானே புதிரைத் தேர்ந்தெடுத்தது. இன்னொரு குழுவுக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது குழுவிடம், உன் அம்மா தேர்ந்தெடுத்தது இது என்று சொன்னார்கள். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோதுதான் மிக நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளோ அம்மா தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோது எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் சீன, ஜப்பானியக் குடும்பத்தினர். எங்கள் மாவட்டத்துச் சாத்தூர்ப் பிள்ளைகள் இல்லை. ஒரு புதிரைத் தேர்ந்தெடுப்பதும் பதினாறு வயதில் வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. அதனால் 'பெற்றோர் சொல்வதைப் பிள்ளை கேட்டால் போதும்' என்று இந்த ஆய்வை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. முன்பின் தெரியாத ஆய்வாளர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது இரண்டு தரப்புப் பிள்ளைகளுமே பின்தங்கினார்கள். நாம் அச்சிட்டுக் கொடுக்கும் 'உனக்கு ஏற்ற துறைகள்' என்ற தாள், பிள்ளையின் கண்ணில் யாருடைய தேர்வு? அவளுடையதும் இல்லை, அவள் அம்மாவுடையதும் இல்லை.

அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளி மாணவர்களின் தொழில் தேர்வை ஆராய்ந்த டாங், ஃபுவாட், ஸ்மித் ஆகியோரும் 1999-இல் இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார்கள். குடும்பத்தின் பங்கும் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் தேர்வைத் தீர்மானித்த அளவுக்கு ஆர்வம் தீர்மானிக்கவில்லை. நம் பக்கத்திலேயே பெங்களூரில் 'தி பிராமிஸ் ஃபவுண்டேஷன்' வழியாகப் பணியாற்றிய கிடியோன் அருள்மணியும் அவருடன் இணைந்தவர்களும் இந்திய உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். தொழில் பற்றிய எதிர்மறையான நம்பிக்கைகள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதிகம் என்று கண்டார்கள். படிப்பு முடிய இத்தனை வருஷமா, நமக்கு அதெல்லாம் ஒத்துவராது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் தினமும் காதில் விழுவது இதுதான். இந்த நம்பிக்கைகளைத் தொடாமல் ஆர்வத்தை மட்டும் அளந்து என்ன பயன்? இந்திய மண்ணில் செய்த ஆய்வு கையருகே இருக்கும்போது நம் கையேடுகளில் அதன் தடம் இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

'வீட்ல கேட்டுட்டு சொல்றேன் மிஸ்' என்று பிள்ளை சொன்னால், படிவத்தில் 'முடிவெடுக்கும் திறன் குறைவு' என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அக்கா கல்யாணக் கடன் எவ்வளவு, தம்பி எந்த வகுப்பு, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நிற்கும் பிள்ளை அது. பெரியவர்களுக்கே கடினமான முடிவை அவள் முதிர்ச்சியோடு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சொல்லும்போதே இன்னொரு பக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பண்பாடு என்ற பெயரில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. 'பொம்பளப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு' என்பதும் வீட்டிலிருந்துதான் வருகிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே பிள்ளைகள் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்று பிரித்து, தமக்குரியதில்லை என்று தோன்றுவதை ஒதுக்கத் தொடங்குகிறார்கள் என்று லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் விளக்கினார். பத்தாம் வகுப்பில் வந்து ஆர்வத்தைக் கேட்கும்போது பாதி உலகம் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கிறது. 'நாம் ஆசியர்கள், கூட்டு மனப்பான்மை உள்ளவர்கள்' என்று பொதுவாகப் பேசிவிட்டு நகர்கிறவர்கள் அந்தக் கூட்டுக்குள் யாருக்குக் குரல் இல்லை என்பதைப் பார்ப்பதில்லை.

சாதி இன்னும் கொடுமை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வழிகண்டுபிடிக்கும் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். எல்லோர் முன்னாலும் சாதியைச் சொல்லி அழைத்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் திறன் சட்டென்று கீழே இறங்கியது. அதே பையன்கள், அதே புதிர்கள். இப்போது நம் சோதனைத் தாள்களை எடுத்துப் பாருங்கள். பல தாள்களில் முதல் பக்கத்திலேயே பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், சாதி வகுப்பு, உட்பிரிவு. அதையெல்லாம் எழுதிவிட்டுத்தான் பிள்ளை 'என்னால் முடியும்' என்ற வரிக்கு வருகிறாள். அந்த விவரம் திட்டத்துக்குத் தேவைதான், மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது பள்ளிப் பதிவேட்டிலிருந்து நாங்களே நிரப்பித் தருகிறோம். பைசா செலவில்லாத மாற்றம் இது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'பிடிக்கும், பிடிக்காது' பக்கத்திலேயே 'செய்து பார்த்ததில்லை' என்று மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். அந்தக் கட்டம் நிறைய நிரம்பினால் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது மதிப்பெண் இல்லை. ஒரு ஆய்வகம், ஒரு பட்டறை, ஒரு மருத்துவமனை, ஒரு வங்கி என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு. ஒரு பிள்ளையின் மதிப்பெண் அதிகமா குறைவா என்று சொல்ல வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவுகளை நகரத்துத் தனியார் பள்ளிகளில் எடுத்து எங்களுக்குப் பொருத்தாதீர்கள், எங்கள் பிள்ளைகளிடமே எடுங்கள். வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், எவ்வளவு காலம் காத்திருக்க முடியும், எதற்குப் பயம் என்று சில கேள்விகளைச் சேருங்கள். முடிவைத் தாளாகக் கொடுத்து அனுப்பாமல், பெற்றோரையும் உட்கார வைத்துப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி கையேட்டிலேயே எழுதுங்கள். அம்மா கூலி வேலை விட்டு வருவது மாலை ஆறு மணிக்குத்தான் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அண்ணன்களும் தம்பிகளும் ஆசைப்பட்டதைப் படிக்க, பெண்ணை மட்டும் 'கிட்ட இருக்கிற காலேஜ்' என்று முடக்கும் வீட்டில் ஆசிரியர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் பயிற்சி வேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் திணறுகிறோம்.

கடைசியாக, காலம். பிளஸ் டூவில் வந்து வழிகாட்டுவது பலருக்குத் தாமதம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களில் குரூப் எடுத்துவிடுகிறார்கள். தோழி எடுத்தாள், மார்க் இவ்வளவுதான், அந்த குரூப்பில்தான் இடம் இருந்தது என்று காரணங்கள். கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளையிடம் பிறகு பொறியியல் ஆர்வம் இருக்கிறது என்று எந்தத் தாள் சொன்னாலும் அவளுக்கு அது வலியைத்தான் தரும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குள் வீட்டாரோடு ஒரு முறையாவது பேசி முடித்திருக்க வேண்டும்.

அடுத்த வினாத்தாளின் வரைவு தயாரானதும், அச்சுக்கு அனுப்பும் முன் எங்களைப் போன்ற பள்ளிகளுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்து, எது புரிகிறது, எது புரியவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அதற்கான நேரத்தையும் இடத்தையும் ஏற்பாடு செய்து தர நானும் என் சக ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் முதுகலை ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்