அடுத்த யூனிட்டுக்கு என்ன செலவு?

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இரண்டு பக்கமும் உங்கள் நிலையத்தைப் பற்றியே எழுதியிருக்கிறாய். "கடன் வாங்கிக் கட்டிய புது எரிவாயு நிலையம் பாதி நாள் சும்மா நிற்கிறது. முப்பது வயதான நிலக்கரி நிலையம் முழு வேகத்தில் ஓடுகிறது. இது என்ன நியாயம், அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து மாதாமாதம் வட்டி போவதைப் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் சுமைப் பங்கீட்டு மையத்தில் இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தவள் நான். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு முன்னால் எந்த நேரமும் ஒரே கேள்விதான் இருக்கும். இன்னும் ஒரு யூனிட் மின்சாரம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்டால் செலவு குறையும்? ஒரு யூனிட் குறைக்க வேண்டுமென்றால் யாரைக் குறைக்கச் சொன்னால் மிச்சம் அதிகம்? உங்கள் நிலையத்தைக் கட்ட எவ்வளவு ஆனது என்பது அந்தக் கேள்விக்குள் வரவே வராது. வட்டி, சம்பளம், காப்பீடு, தேய்மானம் எல்லாம் எந்திரம் சுற்றினாலும் போகும், நின்றாலும் போகும். உங்களை நிறுத்தி வைப்பதால் வட்டியில் ஒரு காசு குறையாது. உங்களை ஓட்டுவதால் ஒரு காசு கூடாது. ஓட்டினால் கூடுவது எரிபொருள் செலவு, அதோடு கொஞ்சம் தண்ணீர், ரசாயனம், ஓட்டத்தால் வரும் பராமரிப்பு. மாறும் செலவு என்று நீங்கள் எழுதுகிற அந்தத் தொகையை வைத்துத்தான் நிலையங்களை வரிசைப்படுத்துகிறோம். அதுதான் மெரிட் ஆர்டர்.

"ஆனால் எங்கள் எந்திரம்தானே திறமையானது?" என்று நீ கேட்பாய். உண்மைதான். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு யூனிட் மின்சாரத்தில் இருக்கும் ஆற்றல் 860 கிலோ கலோரி. 35 சதவீதத் திறனில் ஓடும் பழைய நிலக்கரி நிலையம் அந்த ஒரு யூனிட்டுக்காக ஏறத்தாழ 2,460 கிலோ கலோரி எரிக்கிறது. எரிவாயு எரிந்து வெளியேறும் சூட்டிலும் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கும் உங்கள் கூட்டுச் சுழற்சி நிலையத்தின் திறன் 60 சதவீதம், அதற்கு 1,430 போதும். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வெப்பம் என்ற இந்த எண்ணைத்தான் ஹீட் ரேட் என்கிறோம். ஆனால் அது பாதிக் கணக்குதான். அதை எரிபொருள் விலையால் பெருக்கினால்தான் செலவு வரும். ஒரு கலோரிக்கு எரிவாயு விலை நிலக்கரியைப் போல 1.7 மடங்கைத் தாண்டிவிட்டால், உங்கள் அவ்வளவு திறமையும் வரிசையில் பின்னால் போய்விடும். விலை 1.5 மடங்காக இறங்கினால் நீங்கள் முன்னால் வந்துவிடுவீர்கள். எந்திரத்தில் ஒரு திருகாணி கூட மாறியிருக்காது. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்போது எரிவாயு விலை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் விலையே கிடையாது. அதனால் அவை வரிசையில் முதலில் நிற்கின்றன. அணு உலையைக் கட்டத்தான் பெருஞ்செலவு, எரிபொருளுக்கு மிகக் குறைவு. அதனால் அதை இரவு பகலாக ஓட விடுகிறோம்.

இந்த வரிசையை மேலிருந்து ஒவ்வொன்றாக முழுதும் நிரப்பிக்கொண்டு போனால் வேலை முடிந்தது என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரே எந்திரத்துக்குக்கூட எல்லா யூனிட்டும் ஒரே செலவில் வருவதில்லை. சுமை, அதாவது எந்திரம் தரும் மின்சாரம், ஏற ஏற, அடுத்த யூனிட்டுக்கு ஆகும் செலவும் பெரும்பாலும் ஏறும். உனக்கு எண்கள் பிடிக்கும் என்பதால் ஒரு உதாரணம் தருகிறேன். எந்த நாட்டுக் காசாகவும் இருக்கட்டும். முதல் எந்திரத்தின் அடுத்த மெகாவாட்டுக்கு மணிக்கு 20 காசில் தொடங்கி, ஏற்றும் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 0.1 காசு கூடுகிறது. இரண்டாவது 25 காசில் தொடங்குகிறது, கூடுவது 0.05 தான். மொத்தம் 350 மெகாவாட் வேண்டும். தொடக்கத்தில் மலிவு என்பதற்காக முதல் எந்திரத்தில் 250 ஏற்றி, மற்றதில் 100 வைத்தால், முதல் எந்திரத்தின் கடைசி மெகாவாட் 45 காசு, இரண்டாவதில் 30. பக்கத்தில் 30 காசுக்குக் கிடைக்கும்போது இங்கே 45 கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் இறக்கி அந்தப் பக்கம் ஏற்றினால், 150-க்கும் 200-க்கும் வரும்போது இரண்டுமே 35 காசில் நிற்கும். அதற்கு மேல் மாற்றி ஒரு பயனும் இல்லை. மணிக்கு 10,875 காசாக இருந்த மொத்தச் செலவு 10,125 ஆகிவிட்டது. 750 காசு மிச்சம். ஒரு நாளுக்கு 18,000. ஒரு செங்கல் வைக்கவில்லை, ஒரு கம்பி இழுக்கவில்லை. வெறும் பங்கீட்டில் வந்தது அது.

எல்லா எந்திரத்திலும் அடுத்த யூனிட்டின் செலவு சமமாகும் அந்த எண்ணை லாம்டா என்போம். 18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் லக்ராஞ்ச் கொடுத்த பெருக்கி முறையிலிருந்து வந்த எழுத்து அது. முழுக் கொள்ளளவில் ஓடும் எந்திரங்கள் அந்தச் சமத்துக்குள் வராது. அவற்றின் செலவு லாம்டாவுக்குக் கீழே இருக்கும். உங்களுடையதைப் போல நிற்பவற்றின் செலவு மேலே இருக்கும். இப்போது பல நாடுகளில் இந்தக் கணக்கை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. இடையில் சில வினாடிகளுக்கு ஒருமுறை, உற்பத்தியும் தேவையும் பொருந்தாதபோது மாறும் மின்சார அதிர்வெண்ணைப் பார்த்துச் சின்னச் சின்னத் திருத்தங்கள் நடக்கும்.

அப்புறம் தூரம். ஒரு மெகாவாட்டை மணிக்கு 30 காசில் தருகிற நிலையம் தொலைவில் இருந்து, கூடுதலாக அனுப்பும் மின்சாரத்தில் 5 சதவீதம் கம்பியிலேயே சூடாகிப் போனால், நமக்கு வந்து சேரும்போது அது 31.6 காசு. பக்கத்தில் 31-க்குத் தருகிறவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். கம்பியின் தாங்கும் அளவு நிறைந்துவிட்டால் மலிவான நிலையத்தைத் தொடக்கூட முடியாது.

அணையில் இருக்கும் தண்ணீரைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. தண்ணீருக்கு எரிபொருள் செலவு இல்லையே, முதலில் திறந்துவிடலாமே என்று தோன்றும். இப்போது திறந்த தண்ணீர் மாலை உச்ச நேரத்துக்கு இருக்காது. அப்போது அதற்குப் பதிலாக எந்த விலையுயர்ந்த எந்திரத்தை ஓட்ட வேண்டி வருமோ, அந்த எந்திரத்தின் செலவுதான் இந்தத் தண்ணீரின் இன்றைய விலை. நல்ல மழைக் காலத்தில் அணை நிரம்பி வழியப் போகிறதென்றால் அதே தண்ணீரின் விலை பூஜ்யம். பேட்டரிக்கும் இதே கணக்குதான்.

நிலக்கரி நிலையம், வெயில் மின்சாரம் நிறைந்திருக்கும் நண்பகலில் விலை கட்டுப்படியாகாதபோதும் ஓடுவதைப் பார்த்திருப்பாய். பாய்லரை அணைத்தால் மறுபடி சூடேற்ற எண்ணெய் எரிக்க வேண்டும், பல மணி நேரம் பிடிக்கும், உலோகம் சூடாகி ஆறி ஆயுள் குறையும். குறைந்தபட்ச சுமைக்குக் கீழே தீ நிலையாக எரியாது. மாலையில் வெயில் இறங்கியதும் அது தேவைப்படும். அதனால் நாலு மணி நேரம் நஷ்டத்தில் ஓடுவதே மொத்தத்தில் மலிவாகிவிடுகிறது. சில சந்தைகளில் மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதற்கு இதுவும் ஒரு காரணம். எதை எப்போது எழுப்புவது, எதை அணைப்பது என்பது முந்தின நாளே முடிவாகிவிடும். எழுந்து நிற்பவற்றுக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் 5 நிமிடக் கணக்கு. உங்கள் எந்திரத்தைச் சில நாள் பாதிச் சுமையிலேயே ஓட வைப்பார்கள். பெரிய எந்திரம் ஒன்று திடீரென்று பழுதாகி நின்றால் உடனே தாங்க யாராவது கொஞ்சம் இடம் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் வரும் இடங்களில், அதை வாங்க மறந்துவிடாதீர்கள்.

சரி, கடனை எப்படி அடைப்பது? உன் கவலை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சந்தை இருக்கும் இடத்தில் கடைசியாகக் கூப்பிடப்பட்ட எந்திரத்தின் செலவே எல்லோருக்கும் விலையாகும். தேவை உச்சத்துக்குப் போய் உங்களைவிட விலை கூடிய எந்திரம் ஒன்று ஓடும் மணி நேரங்களில், அந்த வித்தியாசம் உங்களுக்கு மிஞ்சும். வட்டி அதிலிருந்துதான் போக வேண்டும். ஒப்பந்த முறையில், தயாராக நிற்பதற்கே ஒரு நிலையான தொகை தனியாக வரும். எந்த வழியாக இருந்தாலும், கடனை யூனிட் விலைக்குள் கலந்து வரிசையைக் குழப்புவது மட்டும் தீர்வாகாது. கலந்தால் நீங்கள் இன்னும் பின்னால்தான் போவீர்கள், ஓடியிருக்க வேண்டிய மணி நேரங்களிலும் நிற்பீர்கள்.

ஒன்று மட்டும் நீ சொல்வதில் எனக்கும் உடன்பாடு. பழைய நிலக்கரி நிலையம் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு நெருக்கமாகக் கரியமில வாயுவை விடுகிறது, உங்களுடையது 0.35 கிலோ அளவில். அந்தப் புகைக்கு விலை வைக்காத இடத்தில் எங்கள் வரிசை அதைப் பார்ப்பதில்லை. விலை வைத்த நாளிலிருந்து தானாகப் பார்க்கும். பார்க்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

இனி நான் எழுத வந்த விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு இரவு ஷிப்ட். ஒரு நிலையத்தின் எரிபொருள் விலை அந்த மாதம் ஏறியிருந்தது. எங்கள் பட்டியலில் பழைய விலையே இருந்தது. கையில் இருந்த எண்ணை நம்பி இரவு முழுவதும் அதற்குச் சுமையை ஏற்றினேன். அதைவிட மலிவாகியிருந்த இன்னொன்றை இறக்கி வைத்தேன். காலையில் ஒப்படைக்கும்போதுதான் புதுக் காகிதம் மேஜையின் மறுபக்கம் கிடந்தது தெரிந்தது. விளக்கு ஒன்றும் அணையவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் தேவையில்லாமல் எரிந்த எரிபொருள் எரிந்ததுதான். அதன் பிறகு ஷிப்டுக்குப் போனதும் பட்டியலின் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் நிலையத்தின் மாறும் செலவை எழுதி அனுப்புகிறவன் இப்போது நீ. அதில் இருக்கும் எரிவாயு விலை எந்தத் தேதியுடையது? ஹீட் ரேட் கடைசியாக எப்போது சோதித்தது, திறப்பு விழா அன்றைக்கு எழுதி வைத்த எண்ணா? பாதிச் சுமையில் ஹீட் ரேட் மோசமாகுமே, அதற்குத் தனி எண் கொடுத்திருக்கிறீர்களா? கடன் வட்டியில் ஒரு பகுதியை யாராவது பராமரிப்பு என்ற பெயரில் உள்ளே நுழைத்திருக்கிறார்களா? இந்த நான்கையும் பார்த்துவிட்டு எழுது. ஒருவேளை உங்கள் எந்திரம் நிற்பதற்குக் காரணம் நீ எழுதி அனுப்பும் அந்தக் காகிதத்திலேயே இருக்கலாம்.

உடம்பைப் பற்றி அடுத்த முறையாவது இரண்டு வரி சேர்த்து எழுது, கண்ணா.

அன்புடன்,
அம்மா